கண்மணியில் வெள்ளை

என் மகனுக்கு,

இதை நீ படிக்கும்போது நான் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். எதிரில் இருக்கிற ஆள் எதற்குக் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்பாய். வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன் தம்பி, வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு ஹாலில் வரவில்லை. திங்கட்கிழமை போனிலும் வரவில்லை. நேற்று இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். ஒரு தடவை கார் டயரைப் பற்றியும் இன்னொரு தடவை மழையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்தேன். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, சும்மா சும்மா கூப்பிடுறாரு" என்று நீ ஜெசிந்தாவிடம் சொல்லியிருப்பாய். பேப்பருக்கு வாசகர் கடிதம் எழுதிப் பழகிய கை என்னுடையது. சாலையில் இருக்கிற பள்ளத்துக்கும் பஸ் வராததற்கும் பக்கம் பக்கமாக எழுதியவன், இதையும் எழுதிவிடுவேன் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன். விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் படி. நாளைக் காலை உன் பாப்பாவைக் கோலாலம்பூரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும். அடுத்த வாரம் இல்லை, பாப்பாவுக்கு வைக்கிற விருந்து முடிந்த பிறகு இல்லை, நாளைக் காலை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருப்பாய், அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். புக்கிட் ரோத்தானிலிருந்து ரவாங்கில் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்த என்னைச் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் வாசலிலேயே பிடித்துக்கொண்டாய். போன மாதம் அம்மாவின் அலமாரியை ஒழித்தபோது தகர டப்பாவில் கிடைத்ததே ஒரு பாசி மணி, அதைப் படம் எடுத்துப் பழைய மணிகள் சேர்க்கிற உன் நண்பனிடம் காட்டியிருக்கிறாய். "அப்பா, அது பிளாஸ்டிக் இல்லப்பா, கண்ணாடி! அந்தக் காலத்து முஸ்லிம் நாட்டுக் கண்ணாடியாம். ஆயிரம் வருஷம் இருக்கலாம்கிறான். கண் திருஷ்டிக்குன்னே செஞ்சது லா!" என்றாய். பல நிறக் கண்ணாடிக் குச்சிகளைச் சேர்த்து உருக்கி, மெல்லிய வில்லைகளாக வெட்டி, சூடாக இருக்கிற மணியின்மேல் பதித்துக் கண் மாதிரி செய்வார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அதைச் செயினில் கோத்துப் பாப்பா கழுத்தில் போடப்போகிறேன், மறக்காமல் கொண்டு வாருங்கள் என்றாய். சின்ன வயதில் உன் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அன்றைக்கு மறுபடி பார்த்தேன். நானும் சிரித்துவைத்தேன்.

அப்போதுதான் ஜெசிந்தா போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, இத பாருங்க. நூறாவது நாள் எடுத்த போட்டோ. இடது கண்ணு செவப்பா இருக்கு, எல்லாருக்கும் வர்ற மாதிரி. வலது கண்ணுல மட்டும் வெள்ளையா தெரியுது பாருங்க. ஒண்ணுல இல்ல மாமா, நாலு போட்டோலயும்" என்றாள். நீ உள்ளேயிருந்து கத்தினாய்: "பிளாஷ் லா, ஜெசி! புது போன்லாம் அப்பிடித்தான். எத்தன தடவ சொல்றது?" அப்புறம் வெளியே வந்து சிரித்துக்கொண்டே, "அப்பா மணிய கொண்டு வரட்டும், போட்டுவிட்டா எல்லாம் சரியாயிடும்" என்றாய். நீ விளையாட்டுக்குத்தான் சொன்னாய். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது உன்னை இல்லை, என்னைத்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெளிச்சம்தாம்மா" என்றேன். சொல்லிவிட்டு நீங்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, கை கழுவி, காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் படத்தில் இருந்த வெள்ளையை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். உன் அக்காவின் கண்ணில் பார்த்தேன்.

உனக்கு ஓர் அக்கா இருந்தாள், பெயர் தேவி, நீ பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பெயர் உண்மை, போனதும் உண்மை, காய்ச்சல் பொய். அவளுக்கு வந்தது கண்ணுக்குள் வளர்கிற புற்றுநோய். இரண்டு கண்ணிலும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நானும் உன் அம்மாவும் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தோம். இனி உன் வீட்டில் யாரும் அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லக் கூடாது.

அப்போது நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம். உன் அம்மா ரப்பர்ப் பால் மரம் வெட்டினாள், நான் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினேன். தேவி பிறந்தபோது லயமே வந்து பார்த்தது. பெரிய கண், சுருட்டை முடி, யார் தூக்கினாலும் சிரிப்பாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள், உன் அம்மாவுக்கோ பயம் என்றால் அப்படி ஒரு பயம். கன்னத்தில் மை, உள்ளங்காலில் மை, வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் கமறவில்லை என்றால், பார்த்தீர்களா எவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று இன்னொரு தடவை சுற்றுவாள். கோலசிலாங்கூரில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய், மாதம் இரண்டு தடவை வேனில் துணி ஏற்றிக்கொண்டு லயத்துக்கு வருவார். அவரிடம் அவள் புலம்பியிருக்கிறாள். அடுத்த தடவை வந்தபோது அவர் ஒரு மணியை அவள் கையில் வைத்தார். அவர் பாட்டனார் கப்பலில் சரக்கு ஏற்றுகிற வேலையில் இருந்தபோது யாரோ ஓர் அரபுக்காரரிடம் வாங்கியதாம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சும்மா கிடக்கிற மணி உன் பிள்ளை கழுத்தில் கிடக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்.

சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், நீயும் பார்த்தாய். கருநீலக் கண்ணாடி, சுற்றிலும் நாலு கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் வெள்ளை வளையம், அதற்குள் சிவப்பு, நடுவில் கறுப்புப் பொட்டு. கெட்ட எண்ணத்தோடு யாராவது பிள்ளையைப் பார்த்தால் மணி அவர்களைத் திருப்பிப் பார்க்குமாம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரு கண் விழித்திருக்க வேண்டும் என்றுதான் நாலு கண் வைத்தார்களாம். இதெல்லாம் பாய் சொன்னது. ஆனால் இன்னொன்றும் சொன்னார். "கண்ணேறு இருக்குன்னு எங்க மார்க்கத்துலயும் சொல்லியிருக்கும்மா. ஆனா காப்பாத்துறது மணி இல்ல, அவன்தான். இது ஒரு பழக்கத்துக்குப் போட்டுக்கிறது. சில பேரு இது கூடவே கூடாதும்பாங்க" என்றார். உன் அம்மா தலையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். எங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அவரிடமே விட்டுவிட்டோம். மாரியம்மன் படத்துக்கு முன்னால் அந்த மணியை வைத்துக் கும்பிட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளை கழுத்தில் கட்டினோம். கண் போட்ட மணி, அதனால் அதற்குக் கண்மணி என்று பெயர் வைத்தாள் உன் அம்மா. ஒரே வாரத்தில் லயம் முழுக்க அந்தப் பெயர்தான். "தேவியோட கண்மணி எங்க, காணோம்?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அந்தப் பெயர்தான் பிறகு எங்களை முழுங்கியது.

தேவிக்கு இரண்டு வயது ஆனபோது மணியின் ஒரு பக்கத்தில் பால் ஆடை மாதிரி வெள்ளை படர ஆரம்பித்தது. எண்ணெய்க் குளியல், வியர்வை, மஞ்சள் எல்லாம் பட்டதால் இருக்கலாம். உன் அம்மா அப்படி நினைக்கவில்லை. கண்மணி கண்ணை வாங்கிக்கொள்கிறது, வாங்கி வாங்கி அதற்கே வெள்ளை பூத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். எனக்கும் அது பிடித்திருந்தது. பிள்ளைக்கு வரவேண்டியதை ஒரு கல் வாங்கிக்கொள்கிறது என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் பிடிக்காது?

நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடுவோம். அஞ்சலை என்று ஒரு பெண்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். தோட்ட ஆஸ்பத்திரியிலிருந்து டிரெஸ்ஸர் வாரம் ஒருமுறை வந்து பிள்ளைகளுக்குச் சிரங்கு, பூச்சி எல்லாம் பார்த்து மருந்து கொடுப்பார். மலையாளி, அவர் பேசுகிற தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். ஒரு நாள் மதியம் லோரியை நிறுத்திவிட்டு வருகிறேன், அஞ்சலை ஓடி வந்தாள். "அண்ணே, டிரெஸ்ஸரு வந்தாருண்ணே. தேவிய ரெண்டு தரம் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. கண்மணியில வெள்ள விழுந்திருக்கு, ஒடனே பெரிய எடத்துல கொண்டு போயி காட்டச் சொல்லுன்னாரு. ஒடனேன்னு ரெண்டு தரம் சொன்னாருண்ணே" என்றாள். இதுதான் அவள் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

கண்மணி என்றால் கண்ணின் பாப்பா என்று எனக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தானே. ஆனால் எங்கள் லயத்தில் அன்றைக்குக் கண்மணி என்றால் மணி, அதுவும் வெள்ளை பூத்த மணி. டிரெஸ்ஸரும் பூத்ததைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். மறுநாளே லோரியை எடுத்துக்கொண்டு கோலசிலாங்கூர் போனேன். பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை. கழுத்திலிருந்து மணியை அவிழ்த்துக் கைக்குட்டையில் சுற்றிக் காதர் பாய் கடைக்கு மணியை மட்டும் கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த பெரிய இடம் அதுதான். பாய் மணியை வாங்கி ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தார். "பழைய கண்ணாடி இப்பிடித்தான் பூக்கும். மணிக்கு ஒண்ணும் இல்ல. புள்ள எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். "புள்ளைக்கு என்னா பாய், நல்லா இருக்கு" என்றேன். நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இது அறியாமல் செய்த தப்பு என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு உன்னிடம் சொல்கிறேன், பாதிதான் அறியாமை. தூக்கிப் பார்த்தார் என்று அஞ்சலை சொன்னாளே, அது என் காதில் விழுந்தது. மணியைப் பார்க்க எதற்குப் பிள்ளையை வெளிச்சத்தில் தூக்க வேண்டும் என்று ஒரு நொடி மனதில் ஓடியது. ஓடியதை நான் பிடிக்கவில்லை. கோலசிலாங்கூரிலிருந்து வந்து இரண்டு வாரம் இருக்கும், பொழுது சாய்கிற நேரத்தில் சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். தேவி விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் வலது கண்ணின் நடுவில் வெள்ளையாக, பூனைக் கண் மாதிரி, மின்னியது. உன் அம்மாவும் பார்த்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள், அவள் பார்த்ததை நான் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். உன் அம்மா அன்றைக்கு மணியின் கயிற்றை மாற்றிப் புதுக் கயிறு கட்டினாள். அவ்வளவுதான் செய்தோம். நாலு மாதம் தம்பி, கண் ஓரமாகத் திரும்பி வீங்குகிறவரை நாலு மாதம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, முன்னாலேயே யாரும் பார்த்துச் சொல்லவில்லையா என்பது. நான் இல்லை என்றேன். வலது கண்ணை எடுத்தார்கள். இடது கண்ணிலும் இருந்தது, அதற்குள் உடம்பிலும் பரவிவிட்டது. ஏழு மாதம் இருந்தாள். கடைசியில் கண் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் ஆள் கண்டுபிடிப்பாள். நான் வேண்டுமென்றே பேசாமல் பக்கத்தில் போய் நின்றாலும், டீசல் வாசனையை வைத்து "அப்பா" என்பாள். இதற்கு மேல் அவளைப் பற்றி எழுத என்னால் முடியாது, மன்னித்துவிடு.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அடக்கம் முடிந்து டிரெஸ்ஸர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஞான் சொல்லி அனுப்பினேனே, கண்மணியில வெள்ளைன்னு. எந்தா கொண்டு போகலை?" என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்குச் செய்தி வந்தது, நான்தான் மணியைக் கொண்டு போனேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "அஞ்சல ஒழுங்கா சொல்லல" என்றேன். மூன்று வார்த்தை. உன் அம்மா கொட்டகைக்குப் போய்க் கூந்தலைப் பிடித்து அவளை இழுத்தாள், லயமே கூடி அவளைத் திட்டியது. அவள் என்னைத்தான் பார்த்தாள். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே, நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டாள். நான் குனிந்து நின்றேன். அந்த மாதமே அவளும் புருஷனும் தோட்டத்தை விட்டுப் போனார்கள். உலு யாம் பக்கம் என்று சிலர் சொன்னார்கள், பத்தாங் காலி என்று சிலர் சொன்னார்கள். பிறகு லோரியிலும் காரிலும் அந்தப் பக்கமெல்லாம் எத்தனையோ தடவை போனேன். ஒரு தடவைகூட இறங்கி விசாரிக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கடைகளில் அப்படி எழுந்து போன என்னைக் கிறுக்கன் என்று நினைத்தவர்கள் உண்டு, நீயும் ஒரு தடவை நினைத்திருக்கிறாய்.

இப்போது உன்னைப் பற்றிய பகுதி. அந்த டாக்டர் எங்களை உட்கார வைத்து ஒன்று சொன்னார். இரண்டு கண்ணிலும் வந்திருப்பதால் இது இரத்தத்திலேயே இருக்கலாம், அடுத்த பிள்ளை பிறந்தால் முதல் மாதமே கொண்டு வாருங்கள், அந்தப் பிள்ளைக்கு வராமல் போனாலும் அதன் பிள்ளைகளுக்கு வரலாம் என்றார். நர்ஸ் அதைத் தமிழில் திருப்பி இரண்டு தடவை சொன்னார். அதனால் புரியவில்லை என்று நான் சொல்ல முடியாது. நீ பிறந்தாய். உன் அம்மா அந்த ஆஸ்பத்திரி வாசலை மறுபடி மிதிக்க மாட்டேன் என்றாள். இனிமேல் அந்த நோயின் பேரையே இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் கொடுத்தேன், எனக்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் மூன்று வருஷம் ஒவ்வொரு சாயங்காலமும் டார்ச் லைட்டை எடுத்து உன் கண்ணில் அடித்துப் பார்த்தேன். நீ அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பாய். லைட்டை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் நான் அழுவேன். உனக்கு ஒன்றும் வரவில்லை. மாரியம்மன் காப்பாற்றினாள் என்றாள் உன் அம்மா. தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். நீ கல்யாணம் செய்தபோது சொல்லியிருக்க வேண்டும். ஜெசிந்தா உண்டானபோது சொல்லியிருக்க வேண்டும். பாப்பா பிறந்த அன்று, உன் அம்மா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, சத்தியம் வாங்கியவளே இல்லை, அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். நல்ல நாளில் எதற்கு என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் கெட்டதைச் சொல்ல நல்ல நாளும் ஆகாது, கெட்ட நாளும் ஆகாது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் ஜெசிந்தா என் போனுக்கு அனுப்பியிருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்று காலை எழுந்து, பல்கூட விளக்காமல், கோலசிலாங்கூர் கிளினிக்குக்குப் போனேன். சின்ன வயது மலாய்க்காரப் பெண் டாக்டர். என் சர்க்கரையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மாத்திரைச் சீட்டைக் கேட்டார். நான் போனை நீட்டினேன். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அங்கிள், இந்தக் குழந்தைக்கு என்ன வயது? குடும்பத்தில் வேறு யாருக்காவது கண்ணில் இப்படி இருந்ததா?" என்று மலாயில் கேட்டார். இந்த வயதில் பாதி இருக்கும்போது இன்னொரு டாக்டர் கேட்ட கேள்விக்கு இல்லை என்று பொய் சொன்னேன். இன்றைக்கு "ஆமாம், என் மகளுக்கு" என்றேன். அவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். படத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, வெறும் வெளிச்சமாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல நேரம் கண்ணையே காப்பாற்றலாம், இப்போது மருந்துகள் இருக்கின்றன என்றார். அவரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அது என் சட்டைப் பையில் இருக்கிறது.

மணியைப் பற்றி உன்னிடம் சண்டை போட நான் வரவில்லை. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அது பாவம், கண்ணாடி. எந்த நாட்டிலோ எந்தக் காலத்திலோ பிள்ளையை நினைத்துப் பயந்த ஒரு மனிதனுக்காக இன்னொரு மனிதன் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மணி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதுதான் என் தப்பு. டாக்டர் பார்த்து முடித்த பிறகு செயினில் போடு, கொலுசில் போடு, கோயிலில் வைத்துக் கும்பிட்டுப் போடு, ஜெசிந்தா சம்மதித்தால் அவள் சர்ச்சுக்கும் கொண்டு போ. அதற்கு முன்னால் போட்டால் நானே அறுத்துப்போடுவேன், விருந்துக்கு வந்தவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

அப்புறம் ஜெசிந்தா. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே. ஒவ்வொரு பக்கமாக முடித்து அவளிடம் கொடு. அவள் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ பிளாஷ் என்றாய், நான் வெளிச்சம் என்றேன், அவள் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அஞ்சலை சொன்னதைக் கேட்காதவன் நான். என் மருமகள் சொன்னதையும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். அவளிடம் நான் வாயால் மன்னிப்புக் கேட்பேன், அதற்குக் கடிதம் வேண்டாம். நீயும் கேள், பிள்ளையைப் பார்க்கிற அம்மாவின் பேச்சை இனி ஒரு தடவையும் "பிளாஷ் லா" என்று தள்ளிவிடாதே. பெரிய புத்திமதி ஒன்றும் என்னிடம் இல்லை, இது ஒன்றுதான்.

நாளை பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் உன்னிடம் அதையேதான் கேட்பார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று. அப்போது என்னைத் திரும்பிப் பார்க்காதே. என் அக்கா, பெயர் தேவி, இரண்டு கண்ணிலும் இருந்தது, இரண்டு வயதில் தெரிந்தது, நாலு மாதம் தாமதமாகக் கொண்டு வந்தார்கள் என்று நீயே சொல். தாமதத்தையும் சேர்த்துச் சொல், அதை விட்டுவிடாதே. உன் இரத்தத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள், என்னுடையதையும் கேட்பார்கள். எனக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

பாப்பாவுக்கு மாற்றுத்துணி இரண்டு எடுத்து வைக்கச் சொல், பால் போத்தலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரவாங்கிலிருந்து காலையில் ரோடு அடைத்துக்கொள்ளும், அதனால் ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். நானும் வருகிறேன், பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், ஒன்றும் பேசமாட்டேன். ஏழரைக்குப் போய் நம்பர் எடுத்தால் கூப்பிட மத்தியானம்கூட ஆகலாமாம். என்மேல் கோபப்படுவதற்கு அங்கே உனக்கு நிறைய நேரம் இருக்கும். இப்போது எழுந்து போய் பாப்பாவின் பையை எடுத்து வை.